துண்டுக்காரரின் இடம்

கேள்வி கேட்டே பழகியவள் நான். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொல்வது இதுதான் முதல் தடவை. நேற்று விசாரணையை நீங்கள் ஆரம்பித்த விதம் சரிதான் ஐயா. பெயர், வயது, எத்தனை வருஷமாக வேலை என்று யாருக்கும் உறுத்தாத கேள்விகளை முதலில் போட வேண்டும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். எடுத்த எடுப்பில் டீசல் செலவைக் கேட்டால் மனுஷன் இறுகிப் போய்விடுவான். பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேளுங்கள், இன்ஜின் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள், டீசல் தானாக வந்து விழும்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

எங்கள் துறைமுகத்தில் பதிவான ஒவ்வொரு மீன்பிடிப் படகும், மீனை வாங்கிச் சுத்தம் செய்து உறைய வைத்து அனுப்பும் ஒவ்வொரு கம்பெனியும், வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, வலைக்கு என்ன செலவு, ஆட்களுக்கு என்ன பங்கு, போய்வர எத்தனை மணி நேரம், பிடித்தது என்ன விலைக்குப் போனது, எல்லாம். கொடுக்காவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது. சட்டம் அப்படி. அந்தக் கணக்கை வாங்குவதுதான் என் வேலை.

யார் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள்? வரி ஆபீஸுக்குப் போகிறது என்று நினைத்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் மேல் மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு கவிழ்த்தார்கள். சட்டையை மாற்றப் போனவர் அப்படியே வேலையையும் மாற்றிக்கொண்டு போய்விட்டார் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள்.

நான் போன உடனே எனக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு படகுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அடுத்த மாசம் போட்டை விக்கப் போறேன். பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. உங்க கணக்குல மட்டும் எழுதிக்கோங்க” என்றார். விற்கிற எண்ணமே அவருக்குக் கிடையாது. விஷயம் கசிகிறதா என்று பார்க்கப் போட்ட தூண்டில். காதைத் தீட்டிக்கொண்டு ஒரு மாதம் காத்திருந்தார். ஒருவரும் அவரிடம் விலை கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் மீன் ஏலக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, “கணக்கம்மாகிட்டச் சொன்னது கடல்ல போட்ட கல்லுய்யா” என்றார்.

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனேன். அப்பா அம்மா இல்லாத வீடு. கல்யாணம் என்று ஒன்று கூடிவரவில்லை. தம்பியை வளர்த்ததைத் தவிர இன்னதைச் செய்தாள் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை. திடீரென்று ஒரு துறைமுகம் முழுவதும் என்னிடம் உண்மை பேச ஆரம்பித்தது. கட்டிய மனைவியிடம் சொல்லாததை, கூடப் பிறந்தவனிடம் மறைப்பதை, என்னிடம் சொன்னார்கள். எந்தக் கம்பெனி எடையில் எவ்வளவு அடிக்கிறது, எந்த முதலாளி கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். எதைப் பற்றியும் நான் மூச்சு விட்டதில்லை.

எங்கள் வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. எல்லார் கணக்கையும் கூட்டிச் சராசரியாக்கி, யார் முகமும் தெரியாதபடிதான் வெளியே விட வேண்டும். கூட்டத்தின் கணக்கை யார் கேட்டாலும் கொடுக்கலாம். தனி ஒருவரின் கணக்கை மந்திரியே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வேலைக்குச் சேரும்போது அதற்கு உறுதிமொழி எடுக்கிறோம். அந்த வித்தியாசத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் செய்ததெல்லாம் அதற்குள் அடங்கும்.

துண்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் படகு அவரே ஓட்டினார். சொந்தப் பெயரால் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் திரை ஓட்டுநர் அறையில் இருக்குமே, கரை கண்ணுக்கு மறைந்ததும் அதன்மேல் தோள் துண்டை எடுத்துப் போட்டு மூடிவிடுவார். அதனால் வந்த பெயர். இருப்பிடத்தை வெளியே சொல்லும் கருவியையும் அணைத்துவிடுவார். இறால் கிடைக்கிற இடத்தை யாரும் யாருக்கும் காட்ட மாட்டார்கள், அதில் அதிசயமில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த இறால் மாதிரி வேறு யாரும் கொண்டுவந்ததில்லை. ஒவ்வொன்றும் கை நீளம். கம்பெனியில் தோலுரிக்கும் பெண்கள் அவர் சரக்கு வந்தால் சண்டை போட்டு அந்த மேசைக்கு ஓடுவார்கள், சீக்கிரம் கூடை நிறையும் என்று.

மற்ற படகுகள் எல்லாம் தெற்கே வெகு தூரம் போகின்றன. இவரும் தெற்கே பார்த்துத்தான் கிளம்புவார். ஆனால் அவருடைய டீசல் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. இவ்வளவு இறாலுக்கு இவ்வளவு குறைந்த டீசலா என்று என் கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டியது. அப்படிக் காட்டினால் நேரில் போய்க் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். போனேன்.

“என் போட்டு காத்தைக் குடிச்சு ஓடுது கணக்கம்மா” என்றார்.

“காத்துக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லை. டீசலைச் சொல்லுங்க.”

“எழுதினது சரிதான். ஒரு லிட்டர் கூடக் குறைய இல்லை.”

“அப்ப போய்வர எழுதின நேரம் தப்பு. ரெண்டுல ஒண்ணு பொய். இப்படியே அனுப்பினா உங்க உரிமம் நிக்கும்.”

மறுநாள் மதியம், ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது வந்தார். கதவைச் சாத்தினார். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கடல் வரைபடம் விரித்து வைத்திருப்பேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஒரு விரலை வைத்தார். அவ்வளவுதான். அந்த இடத்தில் பாறை அதிகம், வலை கிழியும் என்று எல்லாரும் ஒதுங்கிப் போவார்கள். பாறைகளுக்கு நடுவே சேறு படிந்த ஒரு சந்து இருப்பது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லவில்லை. எல்லாரும் போகிற பக்கம் இல்லை, அது போதும்.

நான் தலையாட்டினேன். நேரத்தைத் திருத்திக்கொண்டேன். இடத்தை எங்கும் எழுதவில்லை. அவர் போன பிறகு கண்ணாடியில் விரல் பட்ட தடத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று கேட்டால், துடைக்கத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஏற்றுமதிக் கம்பெனி மேலாளர் ஒரு முறை என் வாயைப் பிடுங்கிப் பார்த்தார். “எங்க பிடிக்கிறார்னு சும்மா காத்து வாக்குல சொல்லுங்களேன்” என்றார். காற்றுக்கும் சொல்ல மாட்டேன் சார் என்றேன். அடுத்த வாரம் என் வீட்டு வாசலில் ஒரு புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்கியது. வண்டிக் கூலியை நானே கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

தம்பி ஐஸ் ஆலையில் வேலை பார்த்தான். ஆலையை மூடினார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரை முறைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரித்துச் சம்பாதிப்பதில் சாப்பிடுவது அவனுக்கு அவமானமாக இருந்தது. நான்தான் துண்டுக்காரரிடம் கேட்டேன். ஜென்மத்தில் நான் யாரிடமும் கேட்ட ஒரே உதவி அது.

“உங்க தம்பியா? அப்ப வாய்க்குப் பூட்டுப் பிறவியிலயே போட்டிருக்கும். அனுப்புங்க” என்றார்.

முதல் தடவை கடலுக்குப் போய்வந்த அன்று தம்பி என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது, சிரிப்பு திரும்பியிருந்தது.

“அக்கா, எங்க போறோம்னு எங்களுக்கே தெரியாது. கிளம்பினதும் கீழ அறையில போய்ப் படுங்கடாங்கறார். மேல வந்தா நாலாபுறமும் தண்ணி. இது எந்த இடம் முதலாளின்னு கேட்டா, கரையில ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், உங்க அக்காகிட்டப் போய்க் கேளுங்கறார். நிஜமா?”

“தட்டைப் பார்த்துச் சாப்பிடு.”

“சொல்லேன். நான் உன் தம்பிதானே.”

“இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?”

“சரிதான், கல்லு” என்றான். சிரிக்கச் சிரிக்கப் புரையேறிவிட்டது. தலையில் தட்டினேன்.

இப்போது அந்த நாளைக் கேட்கிறீர்கள்.

முந்தின நாள் சாயங்காலம் திடீர்க் காற்று. மழை இல்லாத வெறும் காற்று. தெற்கே போயிருந்த படகுகள் எல்லாம் விடிவதற்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. துண்டுக்காரர் படகு மட்டும் வரவில்லை. ஏழு பேர். துண்டுக்காரர், என் தம்பி, படகின் சமையல்காரர், இன்னும் நான்கு பேர். காலையில் நான் துறைமுகத்துக்குப் போனபோது குடும்பங்கள் வந்து படகு கட்டும் மேடையில் நின்றிருந்தன. யாரும் அழவில்லை. அழுதால் நிஜமாகிவிடும் என்பது போல எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி மனைவி வேலைக்குப் போகும் ரப்பர் செருப்போடே வந்திருந்தாள்.

அரசாங்கத்துக்கு ஒரு தேடல் படகுதான் இருக்கிறது. அதனால் எங்கள் படகுக்காரர்களே தேடப் போக வேண்டும். துறைமுக அதிகாரி புதியவர், நல்ல மனுஷர், ராத்திரி முழுவதும் தூங்காத கண். அவர் கேட்டார், “துண்டுக்காரர் வழக்கமா எங்க போவார்?” தெற்கே என்றார்கள் எல்லாரும். தெற்கே என்றால் பெரிய கடல். யாரோ என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்கள், “கணக்கம்மா, உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா?”

எல்லாக் கண்ணும் என்மேல் விழுந்தது. அத்தனை படகு முதலாளிகளும் இருந்தார்கள். நான் சொன்னேன், “செலவுக் கணக்கு தெரியும். இடம் தெரியாது.”

ஐயா, அந்த நிமிஷத்தை நியாயமாகப் பாருங்கள். படகு தாமதமாவது புதிது இல்லை. இன்ஜின் நின்றிருக்கலாம், பாறை மறைவில் நங்கூரம் போட்டுக் காற்று தணியக் காத்திருக்கலாம். நான் வாயைத் திறந்து இடத்தைச் சொல்லி, எல்லாரும் அங்கே போய், அவர் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தால்? அந்த இடம் அன்றோடு போயிற்று. அடுத்த வாரம் எல்லாப் படகும் அங்கே நிற்கும். ஒரு மனுஷன் ஆயுசு முழுவதும் காப்பாற்றிய பிழைப்பை நான் அரை நிமிஷத்தில் அழித்தவளாவேன். அதற்குப் பிறகு யார் என்னிடம் உண்மை சொல்வார்கள்? அதனால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கொஞ்சம்தான்.

ஆனால் சும்மா இருக்கவும் என்னால் முடியவில்லை. என் தம்பி அதில் இருக்கிறான். ஏதாவது செய்தாக வேண்டும், செய்வது ஒழுங்குக்குள்ளும் இருக்க வேண்டும். நான் என் அறைக்கு ஓடினேன். எல்லாப் படகுகளின் பயண நேரத்தையும் டீசலையும் கூட்டி, சராசரி எடுத்து, தெற்கே எந்தத் தூரத்தில் எந்தப் பரப்பில் படகுகள் அதிகமாக நிற்கின்றன என்று வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டேன். கூட்டத்தின் கணக்கு, யாருக்கும் கொடுக்கலாம். அதைக் கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். “மேடம், கடவுள் மாதிரி வந்தீங்க” என்றார். பெரிய கடல் திடீரென்று ஒரு வட்டமாகச் சுருங்கிவிட்டதல்லவா, அந்த நிம்மதி. எல்லாப் படகையும் அந்த வட்டத்துக்குள் அனுப்பினார். அந்தத் தாளில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. நீங்கள் எடுத்துச் சரிபார்க்கலாம்.

ஒரு படகு மட்டும் அங்கே போகவில்லை.

மோப்பக்காரர் என்று ஒருவர். பச்சை அறை வைத்த படகு. வருஷக்கணக்காகத் துண்டுக்காரரின் பின்னாலேயே போய் இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தவர். எதிரில் பார்த்தால் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், ஒருவர் படகு கிளம்பினால் மற்றவர் எச்சில் துப்புவார். அவர் அன்றைக்கு வயர்லெஸ்ஸில் அதிகாரியைக் கூப்பிட்டார். நான் அப்போது அந்த அறையில் இருந்தேன்.

“சார், அந்தாளு தெக்க போற மாதிரிப் போக்குக் காட்டிட்டு வேற பக்கம் திரும்புவான். ரெண்டு மூணு தடவை எனக்கே டேக்கா கொடுத்திருக்கான். நான் இந்தப் பக்கம் பாக்கறேன். ஏற்கெனவே ரொம்ப தூரம் வந்துட்டேன்.”

அதிகாரி வயர்லெஸ்ஸைக் கையால் மூடிக்கொண்டு என்னைக் கேட்டார், “உங்க கணக்கு என்ன மேடம் சொல்லுது? அந்தப் பக்கம் போட்டுங்க போறதுண்டா?”

“அந்தப் பக்கம் போறதா எங்க கணக்குல ஒண்ணும் இல்லை சார்.”

அதுவும் உண்மைதான். நான் எழுதவில்லையே.

அதிகாரி அவரைத் திரும்பச் சொன்னார். அவர் கொஞ்சம் முரண்டு பிடித்தார். இன்னும் கொஞ்ச தூரம் போறேன் சார் என்றார். டீசலை வீணாக்காதீங்க, வட்டத்துக்குள்ள ஆள் போதலை என்று அதிகாரி கோபப்பட்ட பிறகு திரும்பினார்.

மறுநாள் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போனேன். அவர்கள் வருஷக் கணக்குக் கொடுக்கிற நாள். தம்பி மனைவி வேலைக்கு வந்திருந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று வந்துவிட்டாளாம். நீளமான எஃகு மேசை, காலடியில் ஐஸ் தண்ணீர், இரண்டு பக்கமும் பெண்கள். வழக்கமாகச் சிரிப்பும் கேலியும் கூரையைத் தூக்கும். அன்றைக்குக் கத்திரி மாதிரிக் கைகள் மட்டும் ஓடின. என்னைப் பார்த்ததும் அவள் கையுறையோடு வந்து என் தோளைப் பிடித்தாள். குளிர் ரவிக்கைக்குள் இறங்கியது.

“அண்ணி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவர் ஒருநாள் வீட்டுல சொன்னார், நாங்க போற இடம் எங்க முதலாளிக்கும் எங்க அக்காவுக்கும்தான் தெரியும்னு. வெளையாட்டுக்குத்தானே சொன்னார்?”

“வெளையாட்டுக்குத்தான்மா.”

“உங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? அவன் எனக்கு யாரு?”

அவள் தலையை ஆட்டினாள். “அதான் நானும் நெனச்சேன். அண்ணிக்குத் தெரிஞ்சா ஓடியிருப்பாங்கன்னு.” திரும்பிப் போய் உரிக்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் நேற்றும் கேட்டீர்கள். முதல் நாள் சொல்லாத ஒன்றை மறுநாள் எப்படிச் சொல்வது? சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். வட்டத்தை ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்கள். அதற்குள் அவர்கள் எப்படியும் தப்பிப் பக்கத்தில் எங்காவது கரையேறியிருப்பார்கள், இல்லையென்றால் எல்லாம் முடிந்திருக்கும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். இரண்டிலும் நான் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று வந்தது. கணக்கில் நான் தப்புப் பண்ணுகிறவள் இல்லை. ஆனாலும் துறைமுக ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன், செருப்பைக்கூடக் கழற்றினேன். உள்ளே அதிகாரி என் வட்டத்தின்மேல் குனிந்து, தேடி முடித்த பகுதிகளைப் பென்சிலால் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி கறுப்பாகியிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உறுதிமொழியில் விலக்கு ஏதும் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் தனி ஒருவரின் கணக்கைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். கடைசிக்கு முந்தின வரி. புதியவர்களுக்கு நான்தான் அதை வாசித்துக் காட்டுவேன். அந்த வரிக்கு வேலை வந்து நான் பார்த்ததில்லை, சீக்கிரம் வாசித்துவிட்டுப் போய்விடுவேன்.

பிறகு ஒரு சரக்குக் கப்பல் சமையல்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஐஸ் பெட்டியின் மூடி ஒன்றைக் கட்டிக்கொண்டு, நீரோட்டம் இழுத்த இழுப்பில் எங்கோ வெகு தூரம் போயிருக்கிறார். அவருக்கும் இடம் தெரியாது, கீழ் அறையில் படுத்துப் போனவர்தானே. ஆஸ்பத்திரியில் அவர் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் அதை மறக்காமல் இருக்க முயற்சி செய்கிறேன், ஏனென்றால் என் தம்பி பேசிய கடைசி வார்த்தைகள் அதில்தான் இருக்கின்றன.

காற்றில் படகு பாறையில் அடித்துச் சாய்ந்தது. துண்டுக்காரர் அறைக்குள் மாட்டிக்கொண்டார், படகோடு போனார். மற்ற ஆறு பேரும் ஐஸ் பெட்டிகளைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கட்டியது என் தம்பி. ஐஸ் ஆலையில் பெட்டி கட்டிப் பழகிய கை. விடிந்ததும் எல்லாரையும் பேச்சுக் கொடுத்துத் தூங்காமல் வைத்திருந்தவனும் அவன்தான். “பயப்படாதீங்கடா. நாம இருக்கற இடம் எங்க அக்காவுக்குத் தெரியும். இந்நேரம் சொல்லியிருப்பாங்க. மதியத்துக்குள்ள போட்டு வரும் பாருங்க” என்றானாம்.

மதியம் படகு வந்ததாம். பச்சை அறை கண்ணுக்குத் தெரிந்ததாம். ஆறு பேரும் சட்டையைக் கழற்றி ஆட்டினார்களாம். அது வந்துகொண்டே இருந்து, கொஞ்சம் நின்று, திரும்பிப் போய்விட்டதாம்.

அப்போதும் அவன் விடவில்லை. “அடையாளம் தப்பாச் சொல்லியிருப்பாங்க. திரும்ப வருவாங்க. எங்க அக்கா விட மாட்டாங்க” என்றானாம். அன்று முழுவதும் அதையே சொன்னானாம். மறுநாள் மதியம்வரை சொல்லிக்கொண்டிருந்தான், சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது என்கிறார் சமையல்காரர். நான் கம்பெனியில் அவன் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது அவன் உயிரோடு இருந்தான். அதைத்தான் என் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மோப்பக்காரரைத் திருப்பி அனுப்பியது அதிகாரி இல்லை, நான். அந்த வயர்லெஸ் அறையில், அவர் போகிற வழி சரியான வழி என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச தூரம் விட்டால் போய்ச் சேர்ந்துவிடுவார் என்றும் தெரியும். அப்போது என் மனதில் ஓடியது தம்பி இல்லை. இத்தனை வருஷம் மோப்பம் பிடித்தவன் இன்றைக்கு ஆள் தேடுகிறேன் என்கிற சாக்கில் இடத்தைப் பிடித்துவிடுவான் என்பதுதான் ஓடியது. சாகக் கிடந்தவர்களை வைத்து அவன் இடம் தேடுகிறான் என்று அவன்மேல் எனக்கு அருவருப்பாகக்கூட இருந்தது.

தேடப் போகிற படகில் வலை ஏற்றக் கூடாது என்று எங்கள் படகுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆளைத் தேடத்தான் போகிறோம், மீனுக்கு இல்லை என்று குடும்பங்களுக்குக் காட்டுவதற்கு. அன்று காலை மேடையில் எல்லாப் படகின் வலைகளும் குவிந்து கிடந்தன. முதலில் இறக்கியவர் மோப்பக்காரர். தம்பி மனைவி கால் தடுக்கி அந்தக் குவியலின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் வயர்லெஸ் அறைக்குப் போனேன்.

செய்தேன். ஐந்து பேரை நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். சமையல்காரர் பிழைத்தது என்னால் இல்லை, அதனால் அவரையும் சேர்த்து ஆறு என்று எழுதினாலும் சரிதான்.

இன்று காலை மோப்பக்காரர் வாசலில் நின்றிருந்தார். காறித் துப்புவார் என்று நினைத்தேன். துப்பவில்லை. “கணக்கம்மா, நான் திரும்பியிருக்கக் கூடாது” என்றார். அழுதுகொண்டிருந்தார். அவருக்கு யாரும் இன்னும் முழுவதும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

படகு எங்கே கிடக்கிறது என்று கேட்கிறீர்கள். முக்குளிப்பவர்கள் தயாராக இருக்கிறார்கள், தம்பி மனைவிக்கு ஒரு எலும்பாவது வேண்டும் என்கிறீர்கள். நியாயம். எனக்கும் வேண்டும். துண்டுக்காரர் போய்விட்டார், அந்த இடம் இப்போது என் ஒருத்தி மனதில்தான் இருக்கிறது. இந்த அறையில் நீங்களும் நானும்தான். கதவு சாத்தியிருக்கிறது. வரைபடம் இருந்தால் விரியுங்கள், விரலை வைத்துக் காட்டுகிறேன். நீங்கள் எழுதுவதை நாளைக்கு நாலு பேர் படிப்பார்கள், அதில் படகு வைத்திருப்பவர்களும் இருப்பார்கள்.

காட்டுகிறேன் ஐயா. அந்தப் பேனாவை மட்டும் கீழே வையுங்கள்.